அலாய் வீலா, ஸ்டீல் வீலா? தராசில் தூக்கிப் பார்த்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டயர் கடையில் கார் ஜாக்கியில் ஏறி நிற்கும்போதுதான் இந்தப் பேச்சு வழக்கமாகத் தொடங்கும். "அண்ணே, டயர் மாத்துறதோட அப்படியே அலாயும் போட்டுருங்க. வெயிட்டு கம்மி, பிக்கப் ஏறும், மைலேஜ் ஒண்ணு ரெண்டு கூடக் கிடைக்கும்." சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் பளபளப்பான வீல்களைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். அந்த மூன்றில் ஒன்றையாவது அவர் சோதித்துப் பார்த்திருப்பாரா என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

தோன்றியது ஒரு மாதம் கழித்து. பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் நண்பரிடம் தொங்கு தராசை இரவல் வாங்கி வந்து, கழற்றி வைத்திருந்த 14 இன்ச் ஸ்டீல் வீலையும் புதிதாகப் போட்ட 16 இன்ச் அலாயையும், அதாவது அலுமினியக் கலவை வீலையும், தூக்கிப் பார்த்தேன். அலாய்தான் கனம், அதுவும் கிட்டத்தட்ட இரண்டு கிலோ கூடுதல். நண்பர் சிரித்தார். "காசு குடுத்து வெயிட்டு ஏத்தியிருக்க."

அந்தச் சிரிப்புக்குப் பிறகு தேடித் தெரிந்துகொண்டதையும், கையைச் சுட்டுக்கொண்டு கற்றதையும் வரிசையாக இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது அதுதான் என்பது ஒரு காரணம். ஒரே காரில் கீழ் வேரியன்ட்டுக்கு 165/80 ஆர்14 டயரோடு ஸ்டீல் வீலும், மேல் வேரியன்ட்டுக்கு 185/65 ஆர்15 டயரோடு அலாயும் கம்பெனியிலிருந்தே வருகின்றன என்பது இன்னொரு காரணம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதி வேண்டாம்.

படி 1: உங்கள் காருக்கு என்ன அளவு என்று முதலில் எழுதி வையுங்கள்

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். வீலின் அளவு வீலிலேயே பொறித்திருக்கும். ஸ்டீலில் வெளிப்பக்கம் வீல் கப்புக்குப் பின்னால், அலாயில் உள்பக்கம். "5.5ஜே×15 ஈ.டி. 45" என்பது போலத் தெரிந்தால், 5.5 என்பது இன்ச்சில் அகலம், 15 விட்டம். ஈ.டி. என்பது ஆஃப்செட். அதாவது வீலின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (அச்சு முனையில் வீலை மாட்டும் பகுதி) ஒட்டி உட்காரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கிறது என்பது.

டயர் அளவைப் படிப்பதும் எளிதுதான். 165/80 ஆர்14 என்றால் டயரின் அகலம் 165 மி.மீ.; சைட்வால் (டயரின் பக்கச் சுவர்) உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ.; உள்ளே இருக்கும் வீல் 14 இன்ச். மொத்த விட்டத்தைக் கணக்குப் போட்டால் 355.6 + 132 + 132, ஏறக்குறைய 620 மி.மீ. இதே கணக்கை 185/65 ஆர்15க்குப் போட்டால் 621.5. 195/55 ஆர்16க்குப் போட்டால் 620.9. மூன்றும் ஒரே உயரம்! இது தற்செயல் அல்ல. விட்டம் மாறினால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும், கியர் விகிதம் கெடும், டயர் மட்கார்டில் உரசும். அதனால் வீல் பெரிதாகும்போது சைட்வால் அதே அளவுக்குக் குறைகிறது. 132, 120, 107 என்று இறங்கும் அந்தச் சைட்வால் கணக்கை மறந்துவிடாதீர்கள். பின்னால் பள்ளங்களைப் பற்றிப் பேசும்போது அது வேண்டியிருக்கும்.

படி 2: தராசை எடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். கேஸ் சிலிண்டரை நிறுக்கும் தொங்கு தராசு போதும். வாங்கப்போகும் வீலைக் கடையிலேயே தூக்கிப் பாருங்கள். டயர் இல்லாத வெறும் வீலை நிறுத்தால்தான் கணக்கு சுத்தமாக இருக்கும். கடைக்காரர் முகம் சுளித்தால், எடை குறைவு என்று சொன்னவர் அவர்தானே என்று நினைவுபடுத்தலாம்.

என்ன எதிர்பார்க்கலாம்? ஏறக்குறையச் சொன்னால், சின்ன காரின் 14 இன்ச் ஸ்டீல் வீல் ஆறரையிலிருந்து ஏழரை கிலோ. 15 இன்ச் ஸ்டீல் ஏழரையிலிருந்து ஒன்பது. அதே 15 இன்ச்சில் கம்பெனி அலாய் ஆறரையிலிருந்து எட்டு. 16 இன்ச் அலாய் என்றால் ஏழரையில் தொடங்கிப் பத்து வரைக்கும் போகும். மேல்கோடியில் இருப்பவை பெரும்பாலும் விலை மலிவான வெளிச்சந்தை வீல்கள். வீலுக்கு வீல் மாறும் என்பதால்தான் தராசு.

இந்த எண்களில் ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். ஒரே அளவில் ஒப்பிட்டால் அலாய் ஒரு கிலோ வாக்கில் குறைவு. ஆனால் அலாய்க்கு மாறுகிறவர்கள் யாரும் அதே அளவில் மாறுவதில்லை. ஒரு இன்ச்சோ இரண்டு இன்ச்சோ ஏற்றித்தான் போடுகிறார்கள். ஏற்றிய அந்த இன்ச், உலோகம் மிச்சம் பிடித்த எடையைத் தின்றுவிடுகிறது.

படி 3: அலுமினியத்தின் எடை ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதானே, பிறகு ஏன் இப்படி?

நியாயமான கேள்வி. ஸ்டீலின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியத்துக்கு 2.7. அந்தக் கணக்குப்படி ஏழு கிலோ ஸ்டீல் வீல் இரண்டரை கிலோ அலாயாக மாறியிருக்க வேண்டும். மாறாததற்குக் காரணம், அலுமினியம் விறைப்பிலும் ஸ்டீலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எடை எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு வளையும் தன்மையும் கூடுதல். அந்த விறைப்பை ஈடுகட்டத் தடிமனைக் கூட்ட வேண்டும்.

ஸ்டீல் வீல் செய்யும் விதம் ரொம்ப நேரடியானது. தகட்டை வளையமாகச் சுருட்டி, இரு முனைகளையும் பற்றவைத்து, உருளைகளுக்கு இடையே விட்டு டயர் உட்காரும் வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். நடுவில் இருக்கும் தட்டைப் பிரஸ்ஸில் அடித்து எடுத்து உள்ளே பொருத்தி வெல்டிங் செய்வார்கள். சென்னை பாடியில் 1960இல் தொடங்கப்பட்ட வீல்ஸ் இந்தியா நிறுவனம் செய்துவருவது இந்த வேலைதான். ரிம்மின் தகடு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தாலே போதும். ஸ்டீல் அவ்வளவு உறுதி.

அலாய் வீலைப் பெரும்பாலும் வார்க்கிறார்கள். ஏழு சதவீத வாக்கில் சிலிக்கானும் கொஞ்சம் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தை உருக்கி, அச்சுக்குள் கீழிருந்து மெல்ல அழுத்தி ஏற்றுவார்கள். பிறகு 540 டிகிரி வாக்கில் சூடேற்றி, தண்ணீரில் குளிர்வித்து, மறுபடியும் மிதமான சூட்டில் பதப்படுத்துவார்கள். இந்தப் பதம்தான் வீலின் உயிர். வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும் என்பதால் பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் தடிமன் சேர்ப்பார்கள். ஸ்போக்குகளோ விரல் தடிமனையும் தாண்டும். இதெல்லாம் சேர்ந்துதான் எடை ஸ்டீலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

உண்மையிலேயே எடை குறைந்த அலாய் இல்லையா என்றால், இருக்கிறது. வார்த்த பிறகு விளிம்பைச் சுழலவிட்டு உருளையால் அழுத்தி நீட்டும் ஃப்ளோ ஃபார்ம்டு வீல்கள், ஆயிரக்கணக்கான டன் அழுத்தத்தில் அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு வீல்கள். இவற்றில் தடிமனைக் குறைக்க முடிகிறது, எடையும் கண்கூடாகக் குறைகிறது. விலையும் கண்கூடாக ஏறுகிறது. ஃபோர்ஜ்டு வீல் நான்கின் விலையில் ஒரு நல்ல பழைய பைக் வாங்கிவிடலாம். பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கு அது நியாயம். ஆபீசுக்குப் போய் வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்து நியாயமில்லை.

பைக் உலகில் இன்னும் "மேக் வீல்" என்று சொல்கிறோமே, அந்த மேக் என்பது மெக்னீசியம். ஒரு காலத்தில் பந்தய வீல்களை மெக்னீசியத்தில் வார்த்தார்கள். உலோகம் அலுமினியத்துக்கு மாறிவிட்டது, பெயர் மட்டும் நம் மெக்கானிக்குகள் வாயில் தங்கிவிட்டது.

படி 4: பிக்கப், மைலேஜ் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

"சுத்துற வெயிட்டு ஒரு கிலோ குறைஞ்சா, வண்டியில நாலு கிலோ, எட்டு கிலோ குறைஞ்ச மாதிரி" என்று ஒரு வாக்கு உலவுகிறது. எட்டெல்லாம் இல்லை. ஓடும் வீல் இரண்டு வேலை செய்கிறது: முன்னோக்கி நகர்கிறது, கூடவே சுற்றுகிறது. சுற்றுவதற்கு எவ்வளவு சக்தி தேவை என்பது எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டயரின் தரை தொடும் ரப்பரில் இருக்கும் ஒரு கிலோ, அதிகபட்சமாக இரண்டு கிலோவுக்குச் சமம். அதைத் தாண்ட முடியாது. ரிம்மின் வளையத்தில் இருக்கும் ஒரு கிலோ 1.4 கிலோவுக்குச் சமம். ஹப்பின் அருகில் இருக்கும் ஒரு கிலோ, கிட்டத்தட்ட ஒரு கிலோதான். வீலை மொத்தமாக எடுத்துக்கொண்டால் 1.3 என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கு. ஒரே அளவில் ஸ்டீலிலிருந்து அலாய்க்கு மாறி வீலுக்கு ஒரு கிலோ மிச்சம் பிடித்தீர்கள். நான்கு வீலுக்கு நான்கு கிலோ, 1.3ஆல் பெருக்கினால் ஐந்து கிலோ சொச்சம். இரண்டு பேர் உட்கார்ந்த ஸ்விஃப்ட் 1,050 கிலோ வாக்கில் இருக்கும். அதில் அரை சதவீதம். நூறைத் தொட 12 விநாடி எடுக்கும் கார், 11.94 விநாடியில் தொடும். பெட்ரோல் டேங்கில் ஏழு லிட்டர் குறைவாக வைத்திருந்தாலும் இதே பலன்தான். மைலேஜில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. டயரில் காற்று சரியாக வைப்பதும், டிக்கியில் ஆறு மாதமாகக் கிடக்கும் சாமானை இறக்குவதும் இதைவிட அதிகம் மிச்சம் பிடிக்கும்.

அடுத்து, என்னைப் போல 14 ஸ்டீலிலிருந்து 16 அலாய்க்குப் போனால்? வீலில் இரண்டு கிலோ கூடியது. 195 டயரும் பழைய 165ஐவிடக் கனம். ஒன்றரை கிலோ என்று வையுங்கள். டயரின் எடை வெளி விளிம்பில் இருப்பதால் அதை 1.85ஆல் பெருக்க வேண்டும். ஒரு மூலைக்கு 2.6 + 2.8, ஐந்தரை கிலோ. நான்கு மூலைக்கு இருபத்திரண்டு. அதாவது பின்சீட்டில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று எப்போதும் உட்கார்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன இன்ஜினுக்கு இது தெரியும். அகலமான டயரின் உருளும் எதிர்ப்பும் காற்றுத் தடையும் இதற்கு மேல்.

இது என் கற்பனைக் கணக்கு மட்டும் அல்ல. 2010இல் அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் இதழ் ஒரே ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் 15 முதல் 19 இன்ச் வரை வீல்களை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தது. அளவு ஏற ஏற வேகமெடுப்பு மந்தமானது; எரிபொருள் சிக்கனம் 15க்கும் 19க்கும் இடையே பத்து சதவீதம் வாக்கில் விழுந்தது.

கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. வீலில் ஒரு கிலோ குறைப்பதைவிட டயரில் ஒரு கிலோ குறைப்பது லாபம். டயர் வாங்கும்போது எடை கேட்கிறவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரே அளவில் கம்பெனிக்குக் கம்பெனி டயர் எடை வேறுபடும். இரண்டையும் தராசில் போட்டுப் பார்த்தால் சில நேரம் ஆச்சரியமாக இருக்கும்.

படி 5: எடை உண்மையிலேயே பேசும் இடம்

அப்படியென்றால் வீல் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. வீல், டயர், பிரேக், ஹப்பைத் தாங்கும் நக்கிள் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குபவை. சின்ன காரில் ஒரு மூலைக்கு இது ஏறக்குறைய முப்பது கிலோ. மேடு பள்ளத்தில் இந்த முப்பது கிலோதான் மேலும் கீழும் துள்ளுகிறது, ஷாக் அப்சார்பர் அதைப் பிடித்து அடக்க வேண்டியிருக்கிறது. மொத்தக் காரில் நான்கு கிலோ என்பது அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் முப்பதில் ஒரு கிலோ மூன்று சதவீதத்துக்கு மேல். அதனால் கனமான வீல் போட்டால் பிக்கப் குறைவதைவிட முதலில் தெரிவது, சிறு சிறு மேடுகளில் டக் டக்கென்று கேட்கும் சத்தமும், வளைவில் பள்ளம் வந்தால் கார் பக்கவாட்டில் ஒரு அடி தாவுவது போன்ற உணர்வும்தான்.

ஓட்டும் சுகத்தில் இதைவிடப் பெரிய பங்கு சைட்வாலுக்கு. 132 மி.மீ. காற்று மெத்தைக்கும் 107 மி.மீ. மெத்தைக்கும் இடுப்பே வித்தியாசம் சொல்லும். பதிலுக்கு, உயரம் குறைந்த அகல டயரில் ஸ்டியரிங் கூர்மையாகும், வளைவில் கார் கெட்டியாக நிற்கும். "அலாய் போட்டதும் ஹேண்ட்லிங் சூப்பர்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அதில் முக்கால் பங்கு புகழ் டயருக்குச் சேர வேண்டியது, அவ்வளவுதான். எந்திரத்தில் கடைந்து எடுப்பதால் அலாய் வட்டம் பிசகாமல் இருக்கும், பேலன்சிங்குக்குக் குறைந்த எடைக்கட்டி போதும் என்பது அலாயின் சொந்தப் புகழ்.

பிரேக் சூடு பற்றியும் கொஞ்சம். அலுமினியக் கலவை ஸ்டீலைவிட மூன்று மடங்கு வேகமாக வெப்பம் கடத்தும், ஸ்போக்குகளுக்கு நடுவே காற்றும் போய் வரும். மசினகுடியிலிருந்து ஊட்டி போகும் கல்லட்டி சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினாலும் கொல்லிமலையின் 70 வளைவுகளில் இறங்கினாலும் இது கொஞ்சம் உதவும். ஆனால் இரண்டாவது கியரில் இறங்குவது தரும் பாதுகாப்புக்கு முன்னால் எந்த வீலும் நிற்காது. மூடிய வீல் கப் மாட்டிய ஸ்டீல் வீலோடு மலை ஏறி இறங்குகிறவர்கள் கியரைச் சரியாகப் பிடித்தால் போதும்.

படி 6: உங்கள் ரோட்டைப் பாருங்கள்

மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்த பள்ளத்தில் வீல் இறங்கினால் என்ன ஆகும் என்பதுதான் நம் ஊரில் உண்மையான கேள்வி. ஸ்டீல் மடங்கும். காற்று இறங்கினாலும், பக்கத்துப் பஞ்சர் கடையில் சுத்தியலால் தட்டிச் சரிசெய்து ஊர் போய்ச் சேரலாம். அப்புறம் மெஷினில் பெண்டு எடுத்துக்கொள்ளலாம். அலாய் கொஞ்சம் வளைந்து தாங்கும், அதற்கு மேல் போனால் விரிசல் விடும். உள் விளிம்பில் விடும் விரிசல் வெளியே தெரியாது. தினமும் காலையில் ஒரே டயரில் காற்று குறைகிறது, பஞ்சரும் இல்லை என்றால் முதலில் அங்கேதான் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

விரிசல் விட்ட அலாயை வெல்டிங் செய்து தருகிறோம் என்பார்கள். முன்னால் சொன்னேனே, அந்தப் பதம், வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் போய்விடும். ஸ்போக்கிலோ ஹப்பின் அருகிலோ வெல்டிங் செய்த வீலில் என் குடும்பத்தை ஏற்ற மாட்டேன்.

கிராமத்து ரோடு, குவாரிப் பாதை, எப்போதும் ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் என்று ஓடும் கார்களுக்கு 14 இன்ச் ஸ்டீலே சொர்க்கம். டாக்ஸிக்காரர்கள் முட்டாள்கள் அல்ல. நகரத்துக்குள்ளும் நான்குவழிச் சாலையிலும் மட்டுமே ஓடும் கார் என்றால், அலாய் தாராளமாகப் போடலாம். என் கருத்தில் சரியான நடுவழி, உங்கள் காரின் மேல் வேரியன்ட்டில் கம்பெனி கொடுக்கும் அதே அலாய், அதே அளவு. புது வண்டி வாங்கியவர்கள் உடனே மாற்றிவிட்ட கம்பெனி அலாய் செட்டுகள் டயர் கடைகளில் கிடைக்கும். எடை சோதித்தவை, சஸ்பென்ஷனுக்கு ஏற்றவை, விலையும் மோசமில்லை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டிலும் தொல்லை உண்டு. ஸ்டீலில் பெயின்ட் அடிபட்ட இடத்தில் துரு ஏறும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஸ்ப்ரே அடித்தால் தீர்ந்தது. அலாயில் மேல்பூச்சுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்தது போல அரிப்பு பரவும். முகத்தை வைர முனையால் கடைந்து பளபளக்க வைத்த மாடல்களில் இது சீக்கிரம் வரும். முழுக்கப் பெயின்ட் அடித்த சாம்பல் நிற அலாய் பார்வைக்குச் சுமார், உழைப்புக்கு நல்லது.

படி 7: பொருந்துமா என்று நான்கு எண்களில் சோதியுங்கள்

முதல் எண் பி.சி.டி., அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டம். ஸ்விஃப்டுக்கு 4×100 (நான்கு துளை, 100 மி.மீ. விட்டமுள்ள வட்டம்), ஹூண்டாய் ஐ20க்கும் ஹோண்டா சிட்டிக்கும்கூட அதுவே. க்ரெட்டாவுக்கு 5×114.3. பழைய ஃபியட் கார்கள் பலவற்றுக்கு 4×98. இந்த 98க்கும் 100க்கும் இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், நட்டை இழுத்து முறுக்கினால் உட்கார்ந்துவிடும். உட்கார வைக்கக் கூடாது. சாய்வாக அமர்ந்த நட்டு ஓட்டத்தில் தளரும்.

இரண்டாவது நடுத்துளை. ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. வெளிச்சந்தை அலாய்கள் எல்லாக் காருக்கும் பொருந்தட்டும் என்று 73.1 போன்ற பெரிய துளையோடு வரும். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். என் கதை இங்கேதான் சிரிப்பாய்ச் சிரித்தது. 16 இன்ச் போட்ட மறுவாரம் திருச்சி போகும்போது தொண்ணூறைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கியது. மூன்று முறை பேலன்சிங், ஒரு முறை அலைன்மென்ட். கடைசியில் வேறொரு கடையில் கிழவர் ஒருவர் வீலைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்த்து, "ரிங்கு எங்க தம்பி?" என்று கேட்டார். போட்ட கடையில் வளையமே மாட்டவில்லை. நான்கு பிளாஸ்டிக் வளையத்தோடு நடுக்கம் போனது.

மூன்றாவது ஆஃப்செட். கம்பெனி அளவிலிருந்து ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. 45க்குப் பதில் 35 போட்டால் வீல் பத்து மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். பார்க்க கெத்தாக இருக்கும். பேரிங் சுமக்கும் விதம் மாறும், ஸ்டியரிங் பள்ளத்தில் கையை இழுக்கும், ஆள் ஏறினால் மட்கார்டில் உரசும்.

நான்காவதைப் பலரும் பார்ப்பதே இல்லை: வீலின் சுமை அளவு. வீலின் உள்பக்கம் கிலோவில் பொறித்திருக்கும். உங்கள் காரின் கனமான அச்சு சுமக்கும் எடையில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். டயரிலும் அப்படியே. 185/65 ஆர்15 88எச் என்பதில் 88 என்றால் 560 கிலோ, எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. இதோடு ஐ.எஸ். 16192 தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானிய வீல்களில் ஜே.டபிள்யூ.எல். முத்திரை இருக்கும். எந்தப் பொறிப்பும் இல்லாத வீல், எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் செய்தது என்று சொல்ல வெட்கப்படும் வீல்.

பழைய அலாய் வாங்கினால் டயர் இல்லாமல் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு விளிம்பு ஆடுகிறதா என்று பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய வீல் என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

படி 8: மாட்டும் நாள்

ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்க்கச் சொல்லுங்கள். கடலோரம் என்றால் ஹப்பின் நடு வளையத்தில் மட்டும் மெல்லியதாக ஆன்ட்டி சீஸ் பேஸ்ட் தடவுங்கள். அலுமினியமும் இரும்பும் உப்புக் காற்றில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, அடுத்த முறை வீல் கழலாமல் உதைக்க வேண்டிவரும். நட்டு மரையில் தடவக் கூடாது.

நட்டின் முனை வீலின் துளைக்கு ஒத்துப்போக வேண்டும். கூம்பு முனை, உருண்டை முனை, தட்டை வாஷர் என்று மூன்று வகை உண்டு. ஹோண்டாவின் கம்பெனி வீல்களுக்கு உருண்டை முனை. தவறான நட்டு ஓரத்தில் மட்டும் தொட்டு நிற்கும், முறுக்கு சரியாக இருப்பதாகக் கையை ஏமாற்றும். அலாயின் ஹப் பகுதி தடிமன் என்பதால் நட்டு குறைந்தது ஆறேழு சுற்று ஏறுகிறதா என்று எண்ணுங்கள்.

காற்றுத் துப்பாக்கியால் டர்ர்ரென்று முறுக்கிவிட்டு அனுப்பும் பழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். எதிரெதிராக மாற்றி மாற்றிக் கையால் முறுக்கி, கடைசியில் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு. சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். உங்கள் காரின் எண் கையேட்டில் இருக்கும். பேலன்சிங் எடையில் அலாய்க்கு உள்பக்கம் ஒட்டும் வகை கேளுங்கள். ஸ்டீலுக்கு அடிக்கும் கிளிப் வகையை அலாயில் அடித்தால் பூச்சு பெயர்ந்து அரிப்பு தொடங்கும்.

ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி சோதியுங்கள். இதை அலாயில் தவிர்க்கவே கூடாது. புதுப் பெயின்ட் நசுங்கி உட்காரும்போது முறுக்கு குறையும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் வீல் மாற்றியதைச் சொல்லிப் பாலிசியில் சேர்த்துவிடுங்கள், திருட்டுப் போனால் அந்தக் காகிதம்தான் பேசும்.

அப்புறம் ஸ்டெப்னி. 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெலி ஊரில், ஸ்டெப்னி தெருவின் பெயரில் விற்கத் தொடங்கிய உபரி ரிம்முக்கு வைத்த பெயர் அது. அந்த ஊர்க்காரர்களே மறந்த சொல்லை நம் பஞ்சர் கடைகள் இன்னும் காப்பாற்றுகின்றன. டிக்கியில் கிடப்பது பெரும்பாலும் 14 இன்ச் ஸ்டீல். வெளியே 16 அலாய், உள்ளே 14 ஸ்டீல் என்றாலும், விட்டம் ஒன்றாக வைத்திருந்தால் பஞ்சர் கடை வரை நிதானமாகப் போய்ச் சேரலாம். ஆனால் அலாய்க்கென்று தனி நட்டு வாங்கியிருந்தால் ஸ்டீலின் பழைய நட்டு நான்கையும் ஒரு துணிப்பையில் போட்டு ஸ்டெப்னியோடு வைத்திருங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நடுரோட்டில் அலாய் நட்டு ஸ்டீலில் உட்காராது என்று கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் அல்ல.

கழற்றிய ஸ்டீல் செட்டை அன்றைக்கே கடைக்காரரிடம் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். அவர் தருவது இரும்பு விலைதான். நான் மொட்டைமாடி ரூமில் போட்டு வைத்திருந்தேன். ஒன்றரை வருடம் கழித்து 16 இன்ச் அலாயை விற்றுவிட்டு, அதே ஸ்டீலுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துத் திரும்ப மாட்டிக்கொண்டேன். வீல் கப் போடவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் "அங்கிள், புது அலாயா?" என்று கேட்டான்.